மாதனூர் கடையின் நூற்றிருபது லிட்டர்

பழைய எண்ணெய் வாங்கும் வேலையில் சேர்ந்த முதல் மாதம் ரஃபத் ஜஹானை எல்லாக் கடைக்காரர்களும் விரட்டினார்கள். ஆம்பூர் பஜாரில் கபாப் போடுகிறவர்கள், சிக்கன் பக்கோடாக் கடைக்காரர்கள், நெடுஞ்சாலை ஓட்டல்காரர்கள் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "எண்ணெய் எங்கம்மா மிஞ்சுது?" மிஞ்சும் என்று அவளுக்குத் தெரியும். நேற்றுக் காய்ந்த எண்ணெயில் இன்று கொஞ்சம் புதிது ஊற்றி, மறுபடி அதிலேயே பொரித்து, தார் மாதிரி கறுத்த பிறகு அதைவிடச் சின்னக் கடைக்கு விற்றுவிடுவார்கள்.

ரஃபத்துக்கு நாற்பத்து மூன்று வயது. பதினேழு வருஷம் ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்தவள். கணவர் நசீர் அகமது இறந்த வருஷம் அவளுக்குப் பார்வையும் மங்கியது. ஊசிக்கண் தெரியவில்லை. வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவளைக் கூப்பிட்டது கணவரின் தம்பி ஷாஹித்தான். கடைகளில் பொரித்து முடித்த எண்ணெயை வாங்கி, வடிகட்டி, டேங்கரில் ஏற்றி அனுப்பும் ஒரு கம்பெனியை அவன் அப்போதுதான் ஆரம்பித்திருந்தான். அந்த எண்ணெயிலிருந்து வேறொரு மாநிலத்து ஆலையில் விமானத்துக்கு எரிபொருள் செய்கிறார்கள்.

"பாபி, மெஷினு வாங்கிட்டேன், வண்டி வாங்கிட்டேன். கடைக்காரங்ககிட்ட பேசத்தான் ஆள் இல்ல. உங்களுக்குப் பேச்சு நல்லா வரும், வாங்க" என்றான்.

பேச்சு வந்தது. மண்ணுக்குள்ளிருந்து எடுக்கிற எண்ணெயை எரித்தால் புதிதாகப் புகை சேர்கிறது. செடியில் விளைந்து, அடுப்பில் ஏறி, வேலை முடிந்து சாக்கடைக்குப் போகவிருக்கிற எண்ணெயை எரித்தால் அந்த அளவுக்குச் சேர்வதில்லை. இதை அவள் யாருக்கும் புரிகிற மாதிரி சொல்வாள். கடைசியில் ஒன்றைத் தவறாமல் சேர்த்துக்கொள்வாள்: "புது எண்ணெய எங்களுக்குக் குடுக்கவே கூடாது. புதுசையே எரிக்க ஆரம்பிச்சா எங்கியோ ஒரு காட்ட அழிச்சு எண்ணெய்ப் பனை நடுவாங்க. அப்ப மண்ணெண்ணெயே தேவலன்னு ஆயிடும்." வாணியம்பாடியில் ஒரு பெண்கள் கல்லூரியில் கூடக் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். அன்று அவளுக்குச் சால்வை போர்த்தினார்கள்.

அவள் பேச்சை முதலில் நம்பியவள் மாதனூர் பங்கஜம். ஷூ கம்பெனி பஸ்கள் ஆட்களை ஏற்றி இறக்குகிற இடத்தில் தகரக்கூரை போட்ட போண்டாக் கடை அவளுடையது. ஐம்பத்தைந்து வயது இருக்கும். எண்ணெய் கெட்டுவிட்டதா என்று பார்க்கிற மீட்டரை ரஃபத் சட்டிக்குள் விட்டுச் சிவப்பு விளக்கைக் காட்டியபோது பங்கஜம் கொஞ்ச நேரம் அந்த விளக்கையே பார்த்தாள்.

"இது செவப்பா எரிஞ்சா கெட்டுப்போச்சுன்னு அர்த்தமா?"

"ஆமாக்கா. நெஞ்சுக்கு ஆவாது. இதுல சுட்டத சாப்பிட்டா பத்து வருஷத்துல வேலூர் ஆஸ்பத்திரியிலதான் போய் நிக்கணும்."

"இந்தப் பொண்ணுங்க தினமும் என் கையால துன்றாங்களே" என்று சொல்லிவிட்டு, சட்டியிலிருந்ததை அப்போதே இறக்கிவைத்தாள். அன்றிலிருந்து ரஃபத் எப்போது மீட்டர் வைத்தாலும் அவள் எண்ணெய் சிவப்புக்குப் போனதே இல்லை; பச்சையும் சிவப்பும் மாறி மாறி மினுக்கும் பதத்திலேயே வடித்து டின்னில் ஊற்றிவிடுவாள். மாதத்துக்குப் பன்னிரண்டு லிட்டர், சில மாதம் பதினைந்து. அவள் கடையில் போண்டா தின்கிற எல்லாருக்கும் விஷயம் தெரியும். "நம்ம எண்ணெய் வீணாப் போறதில்லடி. ஏரோபிளேன்ல ஊத்தறாங்க" என்று சொல்லிக்கொண்டே பொட்டலம் கட்டுவாள்.

ரஃபத் வியாழக்கிழமைகளில் வருவாள். வண்டி ஓட்டுகிற லோகநாதன் மாதனூர்க்காரன்தான். அவன் டின்னை ஏற்றுவதற்குள் பங்கஜம் அவளுக்கென்று மிளகாய் போடாத போண்டா இரண்டு எடுத்து வைப்பாள். "ரஃபத்து, உக்காரு. வெயில்ல வந்திருக்கிற" என்பாள். எடுத்த எண்ணெய்க் கணக்குக்குக் கீழே போன் திரையில் விரலால் கையெழுத்துப் போடச் சொன்னால், நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் பங்கஜம் என்று எழுதுவாள்.

இப்படியே ஒன்றரை வருஷம் நல்லபடியாகப் போனது.

ஆலைக்காரர்கள் புது ஒப்பந்தத்தில் கேட்டது மாதம் இருபது டன். ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு என்று எல்லா ஊரையும் சுற்றினாலும் எட்டு டன்னைத் தாண்டவில்லை. பிரியாணிக்குப் பேர்போன ஊரில் எண்ணெய் நிறையக் கிடைக்கும் என்று ஷாஹித் நம்பியிருந்தான். பிரியாணியில் எண்ணெய் மிஞ்சுமா? அது பிரியாணியோடு போய்விடுகிறது.

துத்திப்பட்டுப் பக்கம் மூடிப்போன, தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பின் கொட்டகையை ஷாஹித் வாடகைக்கு எடுத்திருந்தான். ஒரு நாள் மத்தியானம் சொல்லாமல் அங்கே போன ரஃபத், பெரிய அண்டா இரண்டில் எண்ணெய் கொதிப்பதைப் பார்த்தாள். பக்கத்தில் சென்னையிலிருந்து வந்த பாமாயில் டின்கள், சீல் உடைக்காமல், கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. ஒரு ஆள் கடலைமாவைக் கரைத்து அண்டாவில் தெளித்துக்கொண்டிருந்தான். மாவு கருகக் கருகப் புது எண்ணெய் பழைய எண்ணெயின் நிறத்துக்கு மாறியது. அவளுடைய மீட்டர் போலவே ஒன்று சுவரில் தொங்கியது.

ஷாஹித் வெளியே அழைத்துவந்தான்.

"மூணு மாசம் பாபி. மூணே மாசம். அதுக்குள்ள திருப்பத்தூர் பக்கம் கடைங்க பிடிச்சிடலாம். இப்ப லோடு கம்மியா போச்சுன்னா ஒப்பந்தத்த ரத்து பண்ணிடுவான். பதினோரு பேரு இங்க வேல செய்றாங்க."

"புது எண்ணெய் ஷாஹித்."

"கடைக்காரங்களும் பாமாயில்லதானே சுடறாங்க? நடுவுல போண்டா ஒண்ணுதான் இல்ல."

அந்தப் போண்டாதான் எல்லாமே என்று அவளுக்குத் தெரியும். கல்லூரி மேடையில் நின்று இதைத்தான் அரைமணி நேரம் பேசியிருக்கிறாள். ஆனால் அன்று அவள் பேசவில்லை. கணவர் இறந்தபோது கஃபன் துணி வாங்கிவந்ததிலிருந்து எல்லாவற்றையும் ஓடி ஓடிச் செய்தவன் அவன். அவள் துப்பட்டா முனையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

ஒரு வாரம் கழித்து ஷாஹித் அடுத்ததைக் கேட்டான். அதிகமாகப் போகிற எண்ணெய் ஏதாவது கடைகளிலிருந்து வந்ததாகப் பதிவில் இருக்கவேண்டும். கையெழுத்தை முதலில் வாங்கிக்கொண்டு எண்ணை அப்புறம் போட்டுக்கொள்ளலாம். போனில் அப்படிச் செய்ய வழி இருந்தது. எந்தெந்தக் கடை என்பதை அவளே முடிவு செய்துகொள்ளட்டும் என்றான்.

அவள் முப்பத்தாறு கடைகளைத் தேர்ந்தெடுத்தாள். கேள்வி கேட்காதவர்கள், திரையைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள். பங்கஜம் ஒவ்வொரு எழுத்தாக எழுதிக்கொண்டிருந்தபோது மேலே அந்த மாதத்து லிட்டர் எண் இருக்கவேண்டிய கட்டம் காலியாக இருந்தது. அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து அதில் ரஃபத் 12 என்று போட்டாள். பிறகு அதன் பக்கத்தில் ஒரு பூஜ்யம் சேர்த்தாள். சேர்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்துவைத்தாள். அடுத்த வியாழக்கிழமை போண்டாவைத் தின்ன அவளால் முடியவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னாள். பங்கஜம் சோம்பு போட்டு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

மூன்று மாதம் ஏழு மாதமாயிற்று. ஏழு டேங்கர்கள் போயின.

எட்டாவது மாதம் தணிக்கைக்கு ஆள் வந்தது. எண்ணெய் உண்மையிலேயே பழைய எண்ணெய்தான் என்று சான்றிதழ் கொடுக்கிற நிறுவனத்திலிருந்து சென்னைப் பெண் ஒருத்தி வந்திருந்தாள். பெயர் ரோஷினி. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கூட்டிப் பெருக்கிய கொட்டகையைச் சுற்றிப் பார்த்தாள். அண்டாக்கள் முந்தைய நாளே போய்விட்டிருந்தன. பிறகு கடைப் பட்டியலை விரித்து, "ரெண்டு மூணு கடைக்கு நேர்ல போகலாம்" என்றாள்.

ஷாஹித் ஆம்பூரில் நான்கு கடைக்காரர்களிடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தான். அந்தப் பெயர்களை எடுத்துக் கொடுத்தான். ரோஷினி சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று தலையசைத்தாள். அவள் விரல் பட்டியலில் கீழே கீழே போய் ஓர் இடத்தில் நின்றது.

"மாதனூர். ஹைவேஸ்லயே இருக்கு. எனக்குத் திரும்பிப் போற வழிதான். மேடம், நீங்க கூட வர்றீங்களா?"

ரஃபத் கூடப் போனாள். பங்கஜத்திடம் இருப்பது பட்டன் போன்; மடியில் சுற்றி எங்கேயாவது வைத்திருப்பாள். ரோஷினி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கூப்பிட்டுப் பேசவும் முடியாது. முன்னால் வண்டி ஓட்டிய லோகநாதன் கண்ணாடியில் ஒருமுறை அவளைப் பார்த்தான். அவனுக்கும் தெரியும். இன்று கடை மூடியிருக்கவேண்டும் என்று வழி முழுக்க துஆ கேட்டாள். ஒரு பொய்க்காக அல்லாவிடம் கேட்கிறோம் என்பது பாதி வழியில்தான் உறைத்தது. ஆனாலும் கேட்பதை நிறுத்தவில்லை.

கடை திறந்திருந்தது. கம்பெனி பஸ்கள் ஆட்களை இறக்கிவிட்டுப் போன நேரம். சீருடைக் கோட்டைக் கழற்றிக் கையில் சுருட்டிவைத்தபடி இருபது பெண்களாவது கடையைச் சுற்றி நின்றிருந்தார்கள்.

"விமான எண்ணெய் ஆபீசருங்களா!" பங்கஜத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "ரஃபத்து, சொல்லியிருந்தா நாற்காலி வாங்கி வெச்சிருப்பேனே. ஏய், கொஞ்சம் நவுருங்கடி. மேடம், உக்காருங்க. சூடா துன்றீங்களா?"

ரோஷினி உட்கார்ந்தாள். போண்டாவைக் கையில் வாங்கிக்கொண்டாள். "அம்மா, மாசம் எவ்ளோ பழைய எண்ணெய் குடுப்பீங்க?"

"பன்னெண்டு லிட்டரு. ஆடி மாசம் ஜாஸ்தி வரும், பதினஞ்சு கூட வரும். நான் ஒரே எண்ணெயில சுட மாட்டேங்க மேடம், இந்தப் பொண்ணுங்களையே கேளுங்க."

ரோஷினி தன் கைக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். "இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா, என்னுதுதான்."

"இதுல போன மாசம் நூத்தி இருபதுன்னு இருக்கே. அதுக்கு முந்தின மாசமும் நூத்தி இருபது."

பங்கஜம் குனிந்து பார்த்தாள். எண் தெரியாதவள் இல்லை, கடை நடத்துகிறவள். நிமிர்ந்து ரஃபத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. எங்கேயோ தப்பு நடந்துவிட்டது, நீ சொல் என்று கேட்கிற மாதிரிதான் இருந்தது.

ரஃபத் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் போட்டது என்று சொன்னால் முடிந்தது. அவள் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தாள். சட்டியில் நாலைந்து போண்டாக்கள் திருப்புவார் இல்லாமல் ஒருபக்கமாகக் கறுத்துக்கொண்டிருந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போது பங்கஜத்துக்குப் புரிந்திருக்கவேண்டும். தோளிலிருந்து நழுவாத முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். குரல் இறங்கிப்போயிருந்தது.

"ஆமாங்க மேடம். நூத்தி இருபதுதான். ஒரு டின்னுல எவ்ளோன்னு கேக்கறீங்கன்னு நெனச்சிட்டேன்."

"நூத்தி இருபது லிட்டருக்கும் காசு வாங்கினீங்களா?"

"வாங்கினேங்க."

கூட்டத்தில் நின்ற ஜெயக்கொடி என்கிற பெண் சிரித்துவிட்டாள். "இன்னாக்கா, இந்தச் சட்டியிலயா நூத்தி இருபது?" எல்லாரும் சிரித்தார்கள்.

"வாய மூட்றி" என்றாள் பங்கஜம். அந்தக் கடையில் யாரையும் அவள் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. சிரிப்பு நின்றது.

ரோஷினி சட்டியைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், மூலையிலிருந்த ஒரே டின்னைப் பார்த்தாள். எதையோ எழுதிக்கொண்டாள். போண்டாவுக்குக் காசு கொடுத்தாள். பங்கஜம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வண்டியில் ஏறும்போது ரஃபத் திரும்பிப் பார்த்தாள். பங்கஜம் கருகிய போண்டாக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

சான்றிதழ் கிடைத்துவிட்டது. 'மாதனூர்க் கடை, மீண்டும் ஆய்வு செய்யவேண்டும்' என்று ஒரு வரி மட்டும் அதில் இருந்தது. ஷாஹித் மிட்டாய் வாங்கி எல்லாருக்கும் கொடுத்தான். ரஃபத் தன் பங்கை லோகநாதனிடம் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொள்ளவில்லை.

அடுத்த வியாழக்கிழமை அவள் மாதனூருக்குப் போனபோது டின் கடைக்கு வெளியே வந்திருந்தது.

"வாங்க மேடம்" என்றாள் பங்கஜம். "எண்ணெய் அங்க இருக்குது. எடுத்துக்கங்க."

"அக்கா..."

"கையெழுத்து எங்க போடணும்?"

ரஃபத் போனை நீட்டினாள். பங்கஜம் ஒரு கோட்டை இழுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். சட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். போண்டா எடுத்து வைக்கவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. அது மட்டும் என்றால் ரஃபத் அதற்குத் தகுதியானவள்தான் என்று தாங்கிக்கொண்டிருப்பாள். 'மேடம்' என்ற அந்த ஒரு சொல்லைத்தான் தாங்க முடியவில்லை. ஊர் திரும்பும்வரை அது காதில் விழுந்துகொண்டே இருந்தது.

மூன்றாவது வாரம் லோகநாதன் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டுச் சொன்னான்.

"பங்கஜம்மா கடையில இப்ப கூட்டமே இல்லீங்க."

"ஏன்?"

"நூத்தி இருபது லிட்டர் பழைய எண்ணெய் இந்தம்மாவுக்கு எங்கேர்ந்து வருதுன்னு ஊர்ல பேசிக்கிறாங்க. வேற கடைங்கள்ல கருப்பு எண்ணெய வாங்கியாந்து அதுலதான் நமக்குச் சுட்டுப் போடுதுன்னு எவனோ கெளப்பி விட்டுட்டான். பஸ்ஸு பொண்ணுங்க எதிர்க் கடைக்குப் போறாங்க. அவன் எண்ணெய மாத்தறதே இல்ல. உங்களுக்கே தெரியும்."

"பங்கஜக்கா ஒண்ணும் சொல்லலியா?"

"இன்னா சொல்லும்? பன்னெண்டுதான்னு சொன்னா ஆபீசர்கிட்ட பொய் சொன்னதா ஆயிடும். நூத்தி இருபதுன்னா கள்ள எண்ணெய்னு ஆயிடும். அது வாயே தொறக்கறதில்லீங்க."

ரஃபத் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். அந்த ஊரில் நல்ல எண்ணெயில் சுடுகிற ஒரே ஆள் பங்கஜம். அதைச் சொல்லிக்கொடுத்தவளும் ரஃபத்தான். இப்போது அவளையே கெட்ட எண்ணெய்க்காரி ஆக்கியாயிற்று.

மறுநாள் ஷாஹித்திடம் போய்ச் சொன்னாள்: "நான் அந்தப் பொண்ணுக்கு எழுதப் போறேன்."

அவன் முதலில் நம்பவில்லை. பிறகு கெஞ்சினான். "பதினோரு பேரு பாபி. என் பசங்கள நெனச்சுப் பாருங்க. அண்ணன் இருந்தா இத செய்வாரா?"

"உங்க அண்ணன் இருந்தா அன்னிக்கு அந்த அண்டாவப் பாத்த ஒடனே கவுத்திருப்பாரு. நான் கவுக்கல. அது என் தப்பு."

"அந்தக் கெழவிக்கு நான் ஏதாவது செஞ்சிடறேன். கடைய புதுசா கட்டிக் குடுக்கறேன்."

அவள் எழுந்து நடந்தாள். வீட்டுக்கு வந்து போனில் எல்லாவற்றையும் எழுதினாள். பாமாயில், அண்டா, முப்பத்தாறு கடைகளின் பெயர்கள், எண்களை மாற்றியது தன் விரல்தான் என்பது. மாதனூர் அம்மாவுக்கு எதுவும் தெரியாது, நான் பக்கத்தில் நின்றதால்தான் அவர் அப்படிச் சொன்னார் என்று தனியாக ஒரு பத்தி எழுதினாள். அனுப்பிய பிறகு மனம் லேசாகும் என்று நினைத்திருந்தாள். கொஞ்சம் லேசாகவும் ஆனது. இரண்டு நாள் நன்றாகத் தூங்கினாள்.

ரோஷினி திரும்ப வந்தாள்; கூட இரண்டு பேர். ரஃபத் கடைசியில் எழுதமாட்டாள் என்றே ஷாஹித் நம்பியிருந்தான்; கொட்டகையில் இந்த முறை அண்டாக்கள் கொதித்துக்கொண்டிருக்கும்போதே நுழைந்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு அவள் ரஃபத்தைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அந்தச் சட்டியப் பாத்தப்பவே எனக்குத் தெரிஞ்சுது மேடம். ஆனா அவங்க ஆமான்னு சொல்லிட்டாங்க, கையெழுத்தும் இருந்துச்சு. நான் எதத்தான் எழுதறது?" பிறகு சொன்னாள்: "ஏழு லோடும் எரிஞ்சு முடிஞ்சாச்சு. புகைய கம்மி பண்ணினதா ஆலைக்காரங்க, விமானக் கம்பெனிங்க அத்தன பேரும் எழுதி வெச்சிருக்காங்க. அத யாரும் திருப்பி எடுக்க முடியாது."

ரஃபத் தலையாட்டினாள்.

"இன்னொரு வேல இருக்கு. கடைக்காரங்க எல்லார்கிட்டயும் எழுதி வாங்கணும். நாங்க வர்றப்ப பொய்யான தகவல் குடுத்தவங்க, அதையும் எழுத்துல ஒத்துக்கணும்."

"பங்கஜக்காவுமா? அவங்க எனக்காக..."

"எழுதாம மோசடிப் பட்டியல்லேருந்து அவங்க பேர எடுக்க முடியாதுங்க."

இதை ரஃபத் யோசித்திருக்கவே இல்லை. அவள் கூட வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். லோகநாதன்தான் அவர்களை வண்டியில் மாதனூருக்குக் கூட்டிப்போனான். திரும்பி வந்து சொன்னான்: அவர்கள் எழுதிக் கொண்டுவந்ததைப் பங்கஜம் முழுக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். 'அதிகாரியிடம் வேண்டுமென்றே பொய் சொன்னேன்' என்ற வரி வந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் ரோட்டைக் கடந்து வந்து நின்று பார்த்தார்கள். ஒவ்வொரு எழுத்தாக, பழைய மாதிரியே, கையெழுத்துப் போட்டாள்.

அன்று சாயங்காலமே ரஃபத் ஓடினாள். பங்கஜம் பாத்திரங்களை ஒழித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். இந்த முறை மேடம் என்று சொல்லவில்லை.

"அன்னிக்கு நான் உனக்காகச் சொன்னேன் ரஃபத்து" என்றாள், நிமிராமல். "நீ வேல போய்டுமேன்னு பயந்து நின்ன. அந்த மூஞ்சியப் பாத்தேன், பாவமா இருந்துச்சு, சொல்லிட்டேன். இப்ப நீ எழுதுனது எனக்காகவா?"

"உங்க பேரு கெடுதேன்னுதான்க்கா..."

"எழுதறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்த கேட்டியா? அந்த வாட்டியும் கேக்காம எழுதுன. இந்த வாட்டியும் கேக்காம எழுதிட்ட."

அது உண்மை. அந்த இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கியது ரஃபத்துக்கு நினைவு வந்து முகம் எரிந்தது.

கம்பெனி மூடப்பட்டது. லோகநாதன் பள்ளிக்கூட வேன் ஓட்டப் போனான். ஷாஹித் வீட்டு விசேஷங்களுக்கு அவளைக் கூப்பிடுவது நின்றது. அவன் மனைவி பஜாரில் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். ரஃபத் மறுபடி ஒரு ஷூ கம்பெனியில் சேர்ந்தாள். ஊசி பிடிக்க முடியாது என்பதால் பேக்கிங்கில் போட்டார்கள். ஷூவுக்குள் காகிதம் திணிக்கிற வேலை. அதே இடத்தில்தான் ஜெயக்கொடியும் மாதனூர்ப் பெண்கள் பலரும் வேலை செய்தார்கள். சாப்பாட்டு வேளையில் அவர்கள் அவளைப் பார்த்துத் தங்களுக்குள் பேசுவார்கள். நேராக யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்று வாரம் அப்படிப் போனது. நான்காவது வாரம், ஒரு புதன்கிழமை, வேலை முடிந்ததும் ஆம்பூருக்குள் போகிற பஸ்ஸில் ஏறாமல் மாதனூர் பஸ்ஸில் ஏறினாள். டிரைவர் ஏன் என்று கேட்டான்; மாதனூரில் வேலை இருக்கிறது என்றாள்.

பஸ் நின்றதும் பெண்கள் இறங்கி எதிர்க் கடைப் பக்கம் நடந்தார்கள். ரஃபத் பங்கஜம் கடைக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"ஜெயக்கொடி! எல்லாரும் ஒரு நிமிஷம் நில்லுங்க."

நின்றார்கள்.

"நூத்தி இருபதுன்னு எழுதுனது நான். இவங்க குடுத்தது பன்னெண்டு லிட்டர்தான். அந்தப் பூஜ்யத்த நான் போட்டேன். ஆபீசர் வந்து கேட்டப்ப நான் வாய மூடிட்டு நின்னேன், என்னைக் காப்பாத்தறதுக்காக இவங்க ஆமான்னு சொன்னாங்க. நீங்கள்லாம் சிரிச்சீங்க. அப்பவும் நான் நின்னுட்டுத்தான் இருந்தேன். இந்தக் கடை எண்ணெய் ஒரு நாளும் கெட்டது இல்ல. நான்தான் ஒன்றர வருஷம் மீட்டர் வெச்சுப் பாத்தேன். கெட்டது நானு."

ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஒருத்தி "த்தூ" என்று ரோட்டில் துப்பினாள். தன்னைப் பார்த்துத் துப்பினாளா, வெற்றிலை எச்சிலா என்று ரஃபத்துக்குத் தெரியவில்லை. இரண்டு மூன்று பேர் எதிர்க் கடைக்கே போனார்கள். ஜெயக்கொடி மட்டும் தயங்கித் தயங்கி வந்தாள்.

"அக்கா, நாலு குடு."

பங்கஜம் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் வந்து நின்றார்கள். ரஃபத் இன்னும் அதே இடத்தில் நிற்பதைப் பார்த்துப் பங்கஜம் சொன்னாள்: "வழியில நிக்காத. ஜனங்க வரணும்."

ரஃபத் ஓரமாக நகர்ந்தாள். கடைக்குப் பக்கவாட்டில் மூடி போட்ட சின்ன டின்கள் மூன்று இருந்தன. கம்பெனி மூடியதிலிருந்து சேர்ந்த எண்ணெய்.

கூட்டம் குறைந்ததும் பங்கஜம் அந்த டின்களைக் காட்டினாள். "இத இப்ப யார்கிட்ட குடுக்கறது? எதிர்க் கடைக்காரன் கேட்டான். திரும்பச் சுடுவான், அதான் குடுக்கல. கால்வாயில ஊத்தவும் மனசு வரல."

"வேலூர்ல ஒரு கம்பெனி வாங்கறாங்கன்னு கேள்விப்பட்டேன்க்கா. நல்லவங்கன்னு சொல்றாங்க. நான் பேசி, வரச் சொல்லி..."

"நீ பேசாத" என்றாள் பங்கஜம். குரலில் கடுமை இல்லை; களைப்புதான் இருந்தது. "நம்பர் மட்டும் குடு. நானே பேசிக்கிறேன்."

ரஃபத் பொட்டலக் காகிதத்தைக் கிழித்து நம்பரை எழுதிக் கொடுத்தாள். பங்கஜம் வாங்கி மாவு டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு அடுப்பைத் தணித்தாள். ஆம்பூர் டவுன் பஸ் வர இன்னும் நேரம் இருந்தது. ரஃபத் ரோட்டைக் கடந்து போய் நிறுத்தத்தில் நின்றாள்.